வொர்த் மாட்ரவர்ஸ் போவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் போடச் சொல்.

மே மாதம் வரும்போது கிராமத்து பப் ஒன்றுக்குக் கூட்டிப்போ என்று எழுதியிருந்தாய். தென் இங்கிலாந்தின் டார்செட்டில், வொர்த் மாட்ரவர்ஸ் ஊரில் இருக்கிற ஸ்குவேர் அண்ட் காம்பஸுக்கே போவோம். பர்பெக் என்கிற சுண்ணாம்புக் கல்லை வெட்டியவர்களின் ஊர் அது. பப்பை 1907 முதல் நியூமன் குடும்பம் நடத்துகிறது. லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி வேர்ஹாமில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஸ்வானேஜ் பேருந்தில் கார்ஃப் காசில் வரை போய், மிச்சத்துக்கு டாக்ஸி. கார் வேண்டாம், இரண்டு பேருமே குடிக்கப் போகிறோம்.

உள்ளே போனதும் கவுன்ட்டரைத் தேடாதே, கிடையாது. நடைவழிச் சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு இருக்கும். வரிசையில் நின்று அங்கேயே வாங்கி, அப்போதே பணம் கொடுத்துவிட வேண்டும். மேஜைக்கு யாரும் வரமாட்டார்கள். முதல் சுற்று நான் வாங்கினால் அடுத்தது உன்னுடையது. அவரவர் குடித்ததற்கு அவரவர் பணம் என்று கணக்குப் பார்ப்பது இங்கே அழகில்லை. ஒரு பைன்ட் 568 மி.லி., உனக்கு அரையே போதும்.

பீரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கிடைப்பது பீப்பாயிலேயே பக்குவமாகும் பீர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், நொதித்தல் அங்கேயும் தொடரும். வழக்கமான பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைன்ட். அதைப் படுக்கவைத்து, மேல் துளையில் காற்றுப் புகும் மென்மரக் குச்சியைச் செருகி, அதிகப்படி வாயுவை வெளியேற்றுவார்கள். பொங்குவது அடங்கியதும் கெட்டிக் குச்சிக்கு மாற்றுவார்கள். கசடு அடியில் தங்க ஒரு நாளாவது அசைக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கலங்கிய பீர்தான் வரும். குழாய் செருகி ஊற்றத் தொடங்கிவிட்டாலோ, ஊற்ற ஊற்றக் காற்று உள்ளே போகும். மூன்று நாளைத் தாண்டினால் சப்பென்று ஆகி, பிறகு காடிப் புளிப்பு ஏறிவிடும். அதனால் கூட்டம் வருகிற பப்பில்தான் நல்ல பீர் கிடைக்கும். ஆளில்லாத பப்பில் எட்டு வகை வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மற்ற பப்களில் பீப்பாயிலிருந்து பீரைக் குழாய் வழியே இழுக்கக் கைப்பம்பு இருக்கும். இரவு முழுக்கக் குழாயில் தேங்கியதைக் கொட்டாமல் விட்டால், காலையில் முதலில் வாங்குகிறவர் தலையில்தான் அது விழும். இங்கே பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸுக்கு வருவதால் அந்தத் தொல்லை இல்லை. நுரை குறைவாக இருக்கும், அது குறையல்ல. 11 முதல் 13 டிகிரிதான் சரியான சூடு. ஐஸ் போல இல்லையே என்று முகம் சுளிக்காதே, அதிகம் குளிர்ந்தால் மணமே தெரியாது.

நீ சைவம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கசடை இறக்கப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கின்றன. சேர்க்காத பீர் உண்டா என்று கேட்டே வாங்கு. அந்த வகை லேசாக மங்கலாகத்தான் இருக்கும். எனவே கலங்கலை மட்டும் வைத்துத் தள்ளாதே, மூக்கால் முடிவு செய். காடி வாசம் வந்தால் பாதி குடித்துவிட்டுப் புகார் சொல்லாமல், ஒரு வாய் குடித்ததுமே திருப்பிக் கொடு. மரியாதையாகச் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

சாப்பிட, உள்ளே பூரணம் வைத்து மாவில் மூடிச் சுட்ட பேஸ்டியும் ‘பை’ (pie) பண்டமும், அவ்வளவுதான். காய்கறி பேஸ்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள். அவர்களே செய்யும் சைடர், அதாவது ஆப்பிள் மது, பழரசம் போல இறங்கும், ஆனால் பீரைவிடப் போதை அதிகம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். பக்கத்து அறையில் புதைபடிவங்களின் சிறிய காட்சிசாலை உண்டு, கட்டணம் இல்லை.

குடிப்பதற்கு முன்பே வின்ஸ்பிட் பழைய குவாரி வரை நடந்து வந்துவிடலாம். பாதை வழுக்கும், செருப்போடு வராதே. சனிக்கிழமை கூட்டம் நெரியும், வாரநாளாகப் பார்த்துத் தேதி எழுது. திறக்கும் நேரத்தை நான் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்