பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு விட்டா லேட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிசல்ட் சீசன்ல எந்த ஸ்கூல் எத்தனை சென்டம்னு போட்டோவோட போடுறீங்க, நல்ல விஷயம்தான். அதே ஸ்கூல்கள்ல படிச்சு முடிக்கிற மாற்றுத்திறனாளி பசங்க ஜூன் மாசம் எங்க போறாங்கன்னு யாராவது கேட்டு எழுதுனா இன்னும் நல்லாயிருக்கும். எங்க அக்கா பையனுக்கு அறிவுசார் குறைபாடு, அரசுப் பள்ளியிலதான் படிச்சான், வட்டார வள மையத்துலேருந்து வந்த சிறப்பாசிரியர் தங்கமான மனுஷி, ஆனா டிசி கைக்கு வந்ததோட எல்லாம் முடிஞ்சிது, அதுக்கப்புறம் அக்காவ கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரிதான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு, அரசு காலேஜ்ல 5 சதவீதம் சீட்டு, அரசு வேலையில 4 சதவீதம்னு எல்லாம் இருக்கு. ஆனா எட்டாவது ஒன்பதாவதுலயே இவனுக்கு என்ன வரும், எது புடிக்கும்னு உக்காந்து பேசி எழுதி வச்சாதானே அந்த சீட்டு வரைக்கும் ஒரு புள்ள போக முடியும்? அமெரிக்காவுல ஸ்கூல் முடிச்சதும் என்ன பண்றதுங்கற பிளான் 16 வயசுக்குள்ள இருந்தே ஆகணும், அந்த மீட்டிங்குக்கு மாணவனையும் கூப்பிடணும்னு சட்டமே இருக்கு. இங்க புள்ளைய விடுங்க, பெத்தவங்களையே கையெழுத்துக்குதான் கூப்பிடுறாங்க. அதுவும் பகல் பதினோரு மணிக்கு. பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கப் போற அம்மா அன்னிக்கு கூலிய விட்டுட்டு எப்படிங்க வருவாங்க? வரலன்னா "பேரண்ட்ஸுக்கு அக்கறை இல்ல"ன்னு பேரு வேற. சாயங்காலம் ஊர்லயே வச்சு, ஃபைல்ல இங்கிலீஷ்ல எழுதுனத தமிழ்ல சொன்னா போதும், வருவாங்க.

வீட்டுக்காரங்களுக்கு தெரிஞ்சது எந்த சர்டிபிகேட்லயும் இருக்காது. எங்க பையனுக்கு பணம் எண்ணத் தெரியாது, ஆனா உழவர் சந்தையில தக்காளி கொட்டுனா நல்லது, கனிஞ்சது, அழுகுனதுன்னு மூணா பிரிச்சு வச்சிடுவான், ஒண்ணு தப்பாது. இத ஸ்கூல்ல யாரும் கேக்கல. பயிற்சின்னு போனா எல்லாருக்கும் மெழுகுவர்த்தி, பேப்பர் கவர்! (அவ்ளோ மெழுகுவர்த்திய யாருதான் வாங்குறாங்களோ.)

ஊர்க்காரங்களும் இதுல உள்ள வரணும். காய்கறி கடைக்காரர், டவுன் பஸ் கண்டக்டர், கோஆப்டெக்ஸ்ல வேலை பாக்குறவங்க, கடலூர் சிப்காட் பக்கம் சின்ன கம்பெனி வச்சிருக்கவங்க, இவங்க கிட்ட பிளஸ் ஒன் படிக்கும்போதே சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் புள்ளைய விட்டுப் பாத்தா அவனுக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சிடும், பஸ் ஏறி இறங்கவும் பழகிடுவான். பொம்பளப் புள்ளைங்கள தனியா அனுப்ப பயப்படுறாங்க, அந்த பயம் நியாயமானது, அறிவுரை சொன்னா போகாது, பஸ்ல தெரிஞ்ச முகம் ரெண்டு இருந்தாதான் குறையும்.

இன்னொன்னு, புள்ளைக்கு 18 ஆனதும் பேங்க்ல, ஆஸ்பத்திரியில யார் கையெழுத்து போடுறதுன்னு ஒரு சிக்கல் வருது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளை சட்டப்படி கலெக்டர் இருக்குற உள்ளூர் குழுவுல பாதுகாவலர் கேட்டு மனு குடுக்கலாம். அக்காவுக்கு இது பேங்க் க்யூவுல நின்ன இன்னொரு அம்மா சொல்லித்தான் தெரியும். ஸ்கூல் சொல்லியிருக்க வேண்டாமா?

புதுசா கமிட்டி எதுவும் கேக்கல. பள்ளி மேலாண்மைக் குழு எல்லா அரசு ஸ்கூல்லயும் இருக்கு, அதுல பேரண்ட்ஸ்தான் அதிகம். 2025ல உள்ளாட்சி சட்டத்த திருத்தி மாற்றுத்திறனாளிகள நியமன உறுப்பினரா போடவும் வழி பண்ணிட்டாங்க. ஒன்பதாவது படிக்கிற ஒவ்வொரு மாற்றுத்திறனாளி புள்ளைக்கும் அந்த உறுப்பினர், சிறப்பாசிரியர், அப்பா அம்மா, அந்தப் புள்ள எல்லாரும் வருஷத்துக்கு ரெண்டு தடவ உக்காரணும்னு நம்ம மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை விடட்டும். வர்ற ஜூன்லயே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்