ஏற்காட்டு மழைமானிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தோட்டத்துக்குத் தோட்டம் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோடு மழைமானி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, கீழே சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து உங்கள் கணக்கையெல்லாம் ஒன்றுசேர்க்கும் அண்ணன் எழுதுவது.

காப்பிக்குப் பூமழை பெய்த அன்றைய அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் 4:10 என்று இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கோப்பில் 4:07, அடுத்து 4:17. எந்த வரியை எதோடு சேர்ப்பது?

எல்லாரும் நிரலை ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள்: அள, அனுப்பு, ‘ஸ்லீப் 600’ (600 விநாடி, அதாவது பத்து நிமிடம், சும்மா இரு), மறுபடி முதலிலிருந்து. ஸ்லீப் எண்ணத் தொடங்குவதே அனுப்பி முடித்த பிறகுதான். அளந்து அனுப்ப 4 விநாடி ஆனால் ஒரு சுற்றுக்கு 604 விநாடி. ஒரு நாளில் ஒன்பதரை நிமிடம் நழுவிவிடும். 144 அளவு வரவேண்டிய இடத்தில் 143. கரண்ட் போனால் அதுவும் இல்லை.

சிலர் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் ‘வாட்ச்’ ஓட்டுகிறீர்கள். வயர் மாட்டிச் சோதிக்க அது அருமை. இடைவெளி சொல்லாவிட்டால் 2 விநாடிக்கு ஒருமுறை ஓடும், ‘-டி’ போட்டால் மாறிய இடத்தைப் பளிச்சென்று காட்டும். ஆனால் அது பார்ப்பதற்கு மட்டும்தான். கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலை மூடினால் போச்சு.

தயவுசெய்து எல்லாரும், குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் கிரானுக்கு மாறுங்கள். அதன் நேரப் பட்டியலான கிரான்டாப்பில் ‘*/10 * * * *’ (பத்து நிமிடத்துக்கு ஒருமுறை) என்று தொடங்கி ஒரே வரி. போன சுற்று எப்போது முடிந்தது என்று அது பார்க்காது, கடிகாரத்தைத்தான் பார்க்கும். கரண்ட் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். நிரலின் முழுப் பாதையையும் எழுதுங்கள். டெர்மினலில் ஓடுவது கிரானில் ஓடாமல் போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். போன சுற்று முடியாவிட்டால் புதியதைத் தொடங்கவிடாத ‘ஃப்ளாக் -என்’ கட்டளையை முன்னால் சேர்த்தால், நெட் இழுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

ஒரு சிக்கல் மிச்சம். ராஸ்பெரி பை 5-க்கு முந்தைய பலகைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. மின்வெட்டுக்குப் பிறகு நெட் கிடைக்கும்வரை நேரம் தப்பாகவே இருக்கும், கிரானும் அதை அப்படியே நம்பும். பட்டன் பேட்டரி போட்ட சில்லு ஒன்று தனியாக வாங்கி மாட்டிவிடுங்கள்.

அப்புறம், அளப்பது எல்லாரும் ஒரே நிமிடத்தில் இருக்கட்டும். அனுப்புவதை மட்டும் ஆளுக்கு ஒரு நிமிடம் தள்ளி வையுங்கள். என் பழைய லேப்டாப் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறேன். கிரான்டாப்பைத் திறந்து வையுங்கள், காப்பி அப்புறம் குடிக்கலாம்.