விரும்பி ஏற்கும் வில்லங்கம்

வெர்மாண்ட், அமெரிக்கா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வில்லங்கச் சான்றில் ஒரு வரி கூடுதலாக வந்தாலே உன் கட்சிக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது, அந்த வில்லங்கத்தை எழுதுவதையே நான் எப்படித் தொழிலாகக் கொண்டேன் என்று கேட்டிருந்தாய்.

நான் எழுதுவது, நிலத்தைக் காக்கும் ‘ஈஸ்மெண்ட்’ பத்திரம்; ஈஸ்மெண்ட் என்பது பிறர் நிலத்தின்மேல் ஒருவருக்குள்ள உரிமை. இங்கே ஒரு பண்ணைக்காரர், தம் நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் உரிமையையும் கட்டடம் எழுப்பும் உரிமையையும் மட்டும் நில அறக்கட்டளை ஒன்றுக்கு விட்டுக்கொடுக்கிறார். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும்; உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். அறக்கட்டளை அந்த உரிமையைத் தானும் பயன்படுத்தாது, நிலம் யார் கைக்குப் போனாலும் பிறர் பயன்படுத்தவும் விடாது.

நாம் படித்த 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் உனக்கு நினைவிருக்கும். பிறர் நிலத்தின்மேல் அப்படியோர் உரிமை வேண்டுமானால், அதனால் பயன்பெறும் நிலம் ஒன்று நமக்கு இருக்க வேண்டும். அறக்கட்டளைக்கோ பக்கத்தில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழியே வந்த அதே தடை இங்கும் இருந்ததால், மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது; 1981இல் அதற்கொரு மாதிரிச் சட்டமும் வந்தது. நன்கொடையாகக் கொடுப்பவருக்கு, நிலத்தின் மதிப்பு குறைகிற அளவைக் கணக்கிட்டு வருமான வரிக் கழிவு உண்டு. முதலீட்டாளர்களைச் சேர்த்து நிலம் வாங்கி, மதிப்பைப் பல மடங்கு ஏற்றிக் காட்டி இச்சலுகையைக் கறந்தவர்களை அடக்க, 2022 இறுதியில் புதிய சட்டமே தேவைப்பட்டது. நேர்மையான விவசாயியின் பத்திரத்தையும் சந்தேகத்தோடு புரட்டும் நிலையை அவர்கள் உண்டாக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில், எழுபதைக் கடந்த ஒரு தம்பதியின் பால்பண்ணையில் இரண்டு நாள் நடந்தேன். நிலம் இன்று இருக்கும் நிலையைப் பதிவுசெய்யும் அறிக்கைதான் பிற்காலத்தில் சாட்சி. நாற்பது ஆண்டு கழித்து வழக்கு வந்தால் சொல்வதற்கு நாங்கள் இருக்க மாட்டோம். பாசி படிந்த கல்வேலி, ஓடைக்கரை, பாகு காய்ச்சச் சாறு இறக்கும் மேப்பிள் மரங்கள் என ஒவ்வொன்றையும் படமெடுத்து, எங்கே நின்று எத்திசை நோக்கி எடுத்தோம் என்று வரைபடத்தில் குறித்தோம். பேத்தி இங்கே வீடு கட்ட நினைத்தால் என்ன செய்வாள் என்று அந்த அம்மா கேட்டார். சாலையோரம் இரண்டு ஏக்கரை நான்கு முளையடித்து அவளுக்காக ஒதுக்கினோம். நம் கிரயப் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டனுபவித்து’ என்று தயங்காமல் எழுதியவன் நான்; இன்னும் பிறவாதவர்களையும் கட்டுப்படுத்தும் இந்த வாசகங்களை எழுதும்போதோ ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்கிறேன்.

எல்லாம் தயாராகியும் கையெழுத்து தள்ளிப்போகிறது. நிலத்தின்மேல் பழைய அடமானம் ஒன்று இருக்கிறது. தன் உரிமை எங்கள் பத்திரத்துக்குப் பிற்பட்டது என்று வங்கி எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் பதிவுசெய்தால், நிலம் ஏலத்துக்குப் போகும் நாளில் எங்கள் பத்திரமும் அழிந்துபோகும். மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து, முளைகள் பனியில் சாயாமல் நிற்கின்றன என்று மட்டும் சொல்கிறார். வங்கியின் கடிதம் வந்ததும் நகர எழுத்தர் அலுவலகத்தில் பதிவுசெய்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்