லோகோ தைக்கக் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து பைக்கில் கிளம்பும் பிள்ளைகள் எல்லாருக்கும், குறிப்பாகக் கமிட்டித் தம்பிமார் மூன்று பேருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை 28 ஜாக்கெட்டுகளை இரண்டு மூட்டையாகக் கட்டி என் சீட் கவர் கடையில் இறக்கிவிட்டுப் போனீர்கள். "அண்ணாச்சி, முதுகுல நம்ம லோகோவப் பெருசாத் தச்சுத் தந்துருங்க, சாரலுக்குக் குத்தாலம் போறதுக்குள்ள வேணும்" என்று சொன்னீர்கள். மூன்றைத் தைத்தேன். நாலாவதில் நிறுத்திவிட்டேன். மீதி 25-ம் மூட்டையில்தான் கிடக்கின்றன. நேற்று விசாரிக்க வந்த தம்பியிடம் காரணத்தை வாயால் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதுகில் லோகோ தைக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை முதலில் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊசி முறியும். நாலாவது ஜாக்கெட்டின் லைனிங்குக்குள் கையை விட்டு உருவியபோதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். சுண்டுவிரல் கனத்தில் ஒரு கறுப்பு ஃபோம். பிறகு 28-ஐயும் உருவிப் பார்த்தேன். எல்லாம் அதே சரக்கு. முப்பது வருஷமாக சீட் தைக்கிறவனுக்கு இந்த ஃபோமைத் தெரியாதா? ரெக்சின் சுருக்கம் விழாமல் உட்கார வேண்டும் என்பதற்காக மேலே ஒரு அடுக்கு ஒட்டுவேனே, அதேதான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் இரண்டு விரலும் தொட்டுக்கொள்கின்றன. நீங்கள் இதை 'பேக் ப்ரொடெக்டர்', அதாவது முதுகுக் கவசம், என்று நம்பிப் போட்டுக்கொண்டு ஹைவேயில் போகப்போகிறீர்கள்.

ஜாக்கெட் விற்றவரைத் திட்டவும் வழியில்லை. தோளிலும் முழங்கையிலும் இருக்கிற ஆர்மர், அதாவது கவசத் துண்டு, அசல்தான், முத்திரையும் இருக்கிறது. அட்டையில் முதுகுக்குப் 'பேட்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்தப் பை நாம் வாங்கிச் செருகிக்கொள்வதற்காக விட்டிருக்கும் இடம். காலியாகத் தெரியக் கூடாதென்று ஒரு ஃபோமை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பேட் என்பதைக் கவசம் என்று படித்தது நாம்.

அப்படியானால் நிஜமான கவசம் எப்படி இருக்க வேண்டும்? ஐரோப்பாக்காரர்கள் இதற்கென்றே ஒரு தர எண் வைத்திருக்கிறார்கள்: ஈஎன் 1621-2. சோதனை எளிமையானதுதான். கீழே ஒரு இரும்புப் பட்டடை, அதன்மேல் கவசம். மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 5 கிலோ எடையைப் போடுகிறார்கள். அரிசிக் கடையின் ஐந்து கிலோ படிக்கல் நெஞ்சுயரத்திலிருந்து விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கவசத்தைத் தாண்டி அடியில் எவ்வளவு விசை போய்ச் சேர்கிறது என்று அளக்கிறார்கள். சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 9-க்குள் இருந்தால் லெவல் 2. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிலோ பாரம் அழுத்துவது மாதிரி. லெவல் 2-லேயே முதுகுக்கு ஒரு கணம் 900 கிலோவா என்று கேட்பீர்கள். ஆமாம், கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு. லெவல் 1 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. முதுகு என்று வரும்போது லெவல் 2-க்குக் கீழே இறங்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். என் சீட் ஃபோமை அந்தப் பட்டடையில் வைத்தால் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே காகிதம் வைத்தது போலத்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்களில் யாரோ ஒருவர் (யாரென்று தெரியும், சொல்லமாட்டேன்) பழைய ரைடிங் பேன்ட்டின் முழங்கால் ஆர்மர் இரண்டை எடுத்து, டேப் சுற்றி ஒட்டி, முதுகுப் பைக்குள் செருகியிருக்கிறார். புத்திசாலித்தனம்தான். ஆனால் அதில் இருக்கிற எண் 1621-1. எண்ணில் சிறு கோடு போட்டு அதற்குப் பின்னால் 1 என்றிருந்தால் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால். 2 என்றால் முதுகு. தோளுக்கும் முழங்காலுக்கும் 35 கிலோநியூட்டன் வரை விட்டாலும் லெவல் 1 பாஸ். அங்கே பாஸ் ஆனது முதுகுக்கு வந்தால் பெயில். வெறுமனே சிஈ என்ற ஐரோப்பிய முத்திரையின் இரண்டு எழுத்து மட்டும் பொறித்திருந்து எண்ணே இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம். அந்த இரண்டெழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சில் போட்டுவிடலாம்.

முத்திரைக்குள் பைக் ஓட்டுகிறவர் படம் ஒன்று இருக்கும். பக்கத்தில் எஃப்பி என்றிருந்தால் முழு முதுகு, சிபி என்றால் நடு முதுகு மட்டும், எல்பி என்றால் அடி முதுகு மட்டும். எஃப்பி தேடுங்கள். அதோடு டி பிளஸ் (T+) என்று இருக்கிறதா பாருங்கள். ஊர்க்காரனாக நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். டி பிளஸ் என்றால் 40 டிகிரி சூட்டிலும் சோதித்து பாஸ் ஆனது என்று அர்த்தம். இப்போது வரும் கவசங்களில் பல, கையில் பிடித்தால் ரப்பர் போலத் தொளதொளவென்று வளையும், அடி விழுந்த கணத்தில் இறுகிவிடும். குறுக்குத்துறையில் குளித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. மெல்ல இறங்கினால் தாமிரபரணி வழிவிடும். மண்டபத்து மேலிருந்து தட்டையாக விழுந்தால் வயிறு சிவந்து போகும். அதே தண்ணீர்தான். ஆனால் இந்த மாதிரி சாமான்களுக்கு சூடு ஒரு எதிரி. சூடேறினால் இளகும், இளகினால் இறுகுவது குறையும். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வெயிலில் கறுப்பு ஜாக்கெட்டை பெட்ரோல் டேங்க் மேல் விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இந்தக் கவசத்துக்கு ஒரு கதை உண்டு. 1975-ல் அமெரிக்காவில் டேடோனா மைதானத்தில் பாரி ஷீன் என்ற இங்கிலாந்துப் பந்தய வீரர் பின்டயர் கோளாறால் படுவேகத்தில் விழுந்து தொடை, கை, காறையெலும்பு என்று நொறுங்கிப் போனார். அடுத்த சில வருஷங்களில் இத்தாலியின் டைனீஸ் கம்பெனி முதுகுக்கென்று ஒன்றைச் செய்தபோது அதைப் போட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு அவர்கள் மாதிரியாக எடுத்தது சிங்கி இறால் ஓட்டை. நம் உவரிப் பக்கத்து மீனவரைக் கேட்டால் சொல்வார்: அந்த ஓடு துண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், முன்பக்கம் சுருளும், பின்பக்கம் மடங்காது. நல்ல வடிவம். தையல்காரன் பொறாமைப்படுகிற வடிவம்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். அளவு.

28 ஜாக்கெட்டும் எல் சைஸ். தள்ளுபடியில் அந்த சைஸ்தான் மொத்தமாகக் கிடைத்தது என்று சொன்னீர்கள். உங்கள் கூட்டத்தில் ஆறடித் தம்பி ஒருவன் இருக்கிறான், என் தோளுக்கு வராத இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு தங்கச்சியும் வருகிறாள். இத்தனை பேருக்கும் ஒரே சட்டை என்றால் பள்ளிக்கூட யூனிஃபார்மில்கூட நடக்காது. பணகுடி தாண்டிக் காவல்கிணறு நெருங்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற ஆடிக்காற்று காற்றாலையைச் சுற்றுவதோடு நிற்காது, தொளதொளத்த ஜாக்கெட்டுக்குள்ளும் புகுந்து பலூனாக ஊதும். அப்போது உள்ளே இருக்கிற கவசம் முதுகைத் தொடவே தொடாது. விழுந்தால், நீங்கள் ஒரு பக்கம் உருள்வீர்கள், கவசம் விலாப்பக்கம் போய்ச் சேரும். உடம்போடு ஒட்டி நிற்காத லெவல் 2-ஐ விட, சரியாகப் பொருந்திய லெவல் 1 மேல்.

கவசத்தின் சைஸ் ஜாக்கெட் சைஸைப் பொறுத்தது இல்லை. மார்பளவும் தேவையில்லை. வேண்டியது ஒரே அளவு: இடுப்பு ஒடுங்குகிற இடத்திலிருந்து, தோள் கழுத்தோடு சேர்கிற இடம் வரை, நேராக எத்தனை சென்டிமீட்டர். கவசத்தின் முத்திரையிலேயே எந்த அளவுக்காரருக்கு அது ஆகும் என்று போட்டிருக்கும். இதைத் தானே எடுக்க முடியாது, வேறொருவர் பின்னால் நின்று எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வேலை முடியவில்லை. கவசத்தைப் போட்டு, ஹெல்மெட்டையும் மாட்டி, உங்கள் சொந்த வண்டியில் ஏறி உட்காருங்கள். நிமிர்ந்து பாருங்கள். மேல்முனை ஹெல்மெட்டின் பின்விளிம்பில் இடிக்கிறதா? அப்படியானால் நீளம் அதிகம். கீழ்முனை சீட்டில் முட்டி மேலே தள்ளுகிறதா? அப்போதும் அதிகம். புல்லட்டில் நிமிர்ந்து உட்கார்கிறவனுக்குப் பொருந்தியது, டேங்க்கில் நெஞ்சு பதியக் குனிகிறவனுக்குப் பொருந்தாமல் போகலாம். தங்கச்சிக்கு இடுப்பு வளைவு அதிகம் இருக்கும் என்பதால் தட்டையான கவசம் நடுவில் தூக்கி நிற்கும். பெண்களுக்கென்று வருவதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜாக்கெட் ஏற்கெனவே வாங்கியாயிற்று, திருப்பித் தரவும் முடியாது என்கிறீர்கள். அப்படியானால் தொளதொளவென்று இருக்கிறவர்கள் பைக்குள் செருகும் வகையை விட்டுவிட்டு, தனியாகத் தோள்வார் போட்டு, வயிற்றில் அகலமான பெல்ட் இறுக்கிக் கட்டுகிற வகையை வாங்கிக்கொள்ளுங்கள். அது பனியன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், மேலே ஜாக்கெட் எப்படி ஆடினாலும் அது நகராது. இந்த வெக்கையில் கசகசக்கத்தான் செய்யும். ஓட்டை ஓட்டையாகக் காற்று போகிற மாதிரி வருவதை எடுங்கள். ஜாக்கெட் ஓரளவு பொருந்துகிறவர்களுக்கு நான் பக்கவாட்டில் பிடித்து வெல்க்ரோ வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். ஆனால் பைக்குள் நுழையவில்லை என்று கவசத்தின் ஓரத்தைக் கத்தரிக்கச் சொல்லாதீர்கள். பையைப் பெரிதாக்கித் தருகிறேன், கவசத்தில் கத்தரி வைக்கமாட்டேன்.

இது எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாலிருந்து நேராக விழுகிற அடியை இது வாங்கிக்கொள்ளும். கம்பம், மைல்கல், நடுத்திட்டின் ஓரம், இப்படி. உடம்பு முறுக்கிக்கொண்டு விழுந்தால், தலை குப்புற விழுந்து கழுத்து மடங்கினால், இது தடுக்காது. முதுகெலும்பு அடிபடுவது பல சமயம் அப்படித்தான். அதனால் இதைப் போட்ட தைரியத்தில் பத்து கிலோமீட்டர் வேகம் கூட்டுகிற ஆள் யாராவது இருந்தால் அவர் ஃபோமோடே போகட்டும், வேகமாவது குறையும். ஹெல்மெட் வாரைக் கட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் லெவல் 2 பற்றிக் கேட்கவும் வேண்டாம்.

2009-ல் நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போகிற வழியில் ஒரு ஆடு குறுக்கே ஓடி நான் மல்லாந்து விழுந்தேன். வேகம் நாற்பதுகூட இருக்காது. முதுகில் பை. பைக்குள் எவர்சில்வர் தூக்குச்சட்டி, அதன் பக்கத்தில் என் பெரிய கத்தரிக்கோல். இரண்டு விலா எலும்பு விரிசல். தார் ரோடு என்னை அடிக்கவே இல்லை, என் மதியச் சாப்பாடுதான் அடித்தது. இரண்டு மாதம் தையல் மெஷின் முன்னால் குனிய முடியாமல், கடையில் உட்கார்ந்து வருகிற ஆட்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். போன தடவை நீங்கள் பாபநாசம் கிளம்பியபோது பார்த்தேன்: ஸ்பானர் செட், செயின் ஸ்ப்ரே, கேமரா ஸ்டாண்டு எல்லாம் முதுகுப் பையில். கவசம் போட்டிருந்தாலும் அது வேண்டாம். பின்சீட்டில் கட்டுகிற பை தைத்துத் தருகிறேன்.

இனி கணக்கு. லோகோ எம்ப்ராய்டரிக்கும், பேனருக்கும், குற்றாலத்தில் எடுக்கப்போகிற வீடியோவுக்கும் சேர்த்து தலைக்கு எவ்வளவு பிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும், முன்பணமே என்னிடம்தானே தந்தீர்கள். அந்த முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன். அதோடு கொஞ்சம் சேர்த்தால் ஆளுக்கொரு கவசம் வாங்கிவிடலாம். எல்லாருக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் தினமும் நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் வேலைக்குப் போய் வருகிற அந்த நாலு பேருக்கு முதலில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர்கள் அடுத்த மாதம் வாங்கலாம். பழையது வாங்குவதாக இருந்தால் விழுந்த வண்டிக்காரரிடம் வாங்காதீர்கள். ஒரு பெரிய அடி வாங்கிய கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உடைந்திருக்கலாம்.

லோகோவையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அது வலைத்துணி ஜாக்கெட். முதுகு முழுக்க அந்தக் கழுகுப் படத்தைத் தைத்தால் காற்று போகிற வழி அடைபட்டுவிடும், பிறகு வெக்கை தாங்காமல் நீங்களே கவசத்தை உருவி வீட்டில் வைத்துவிட்டு வருவீர்கள். இடது தோளில் உள்ளங்கை அளவில் தைக்கிறேன். முதுகில் தைத்த மூன்றையும் பிரித்துவிட்டேன், ஊசித்தடம் கொஞ்சம் தெரிகிறது, அதற்கு மன்னிக்கவும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். அவரவர் வண்டியிலேயே, அவரவர் ஹெல்மெட்டோடு. இன்ச் டேப் என்னிடம் இருக்கிறது. தங்கச்சிக்கு என் வீட்டுக்காரி அளவெடுப்பாள்.

அன்புடன்,
சீட் கவர் கடை அண்ணாச்சி