கணக்கு டீச்சர்களுக்கும் சிலபஸ் போடுறவங்களுக்கும்

வணக்கம். நானும் கணக்கு சொல்லித் தர்ற ஆள்தான், அந்த உரிமைல எழுதறேன். புத்தகத்துல புதிர்னு ஒண்ணு இருந்தா அது பாடத்தோட கடைசில ஒரு கட்டத்துக்குள்ள கிடக்குது, போர்ஷன் முடிக்கற அவசரத்துல முதல்ல அதைத்தான் விடறோம், இல்லன்னா சீக்கிரம் முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கற நாலு பசங்களுக்கு மட்டும் குடுக்கறோம். மெதுவா யோசிக்கற பிள்ளை கைக்கு அது வர்றதே இல்ல. எனக்கு அதுதான் தாங்கல.

ஒரு செஸ் போர்டு எடுத்துக்கோங்க, 64 கட்டம். பக்கத்து பக்கத்து கட்டம் ரெண்டை மூடற மாதிரி அட்டை 32 இருந்தா முழுசா மூடிடலாம். இப்ப குறுக்கால எதிரெதிரா இருக்கற ரெண்டு மூலைலயும் ஒரு ஒரு கட்டத்தை வெட்டிடுங்க, மிச்சம் 62, இதை 31 அட்டையால மூட முடியுமா? பாதிதானே, முடியும்னு கிளாஸே கத்தும். சரி அடுக்கிக் காட்டுங்கன்னு சொல்லிட்டு தயவுசெஞ்சு பேசாம இருங்க. அடுக்குவாங்க, கடைசில ரெண்டு கட்டம் ஒட்டாம நிக்கும், கலைச்சுட்டு மறுபடி அடுக்குவாங்க, சண்டை போடுவாங்க. அப்புறம் யாராவது ஒரு பிள்ளை கவனிக்கும், மிச்சம் நிக்கற ரெண்டும் எப்பவும் ஒரே கலரா இருக்கேன்னு. ஒரு அட்டை வெச்சா ஒரு கறுப்பு ஒரு வெள்ளை மூடும், ஆனா வெட்டின மூலை ரெண்டும் ஒரே கலரு, அதனால ஒண்ணு 32 இன்னொண்ணு 30, அப்போ யார் அடுக்கினாலும் முடியாது! ஃபார்முலா எதுவும் இல்லாம ஒரு முழு நிரூபணம் கைக்கு வந்துடுச்சு. 1730கள்ல கோனிக்ஸ்பெர்க் ஊரோட ஏழு பாலத்தையும் ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து சுத்தி வர முடியாதுன்னு ஆய்லர்ங்கற கணித மேதை காட்டினதும் இந்த மாதிரி யோசனைதான், புள்ளிகளையும் அதை இணைக்கற கோடுகளையும் பத்தின கிராஃப் தியரியே அங்கேருந்துதான் கிளம்புச்சு.

வாய்ப்பாடு வேணாம்னு நான் சொல்லல, கூட்டல் பெருக்கல் தடுமாறினா புதிர்லயும் பிள்ளை பாதியில நின்னுடும். ஆனா ஒரே மாதிரி 20 கணக்கு எதுக்கு? அதுல பாதியைக் குறைச்சா வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைக்கும். அந்த பீரியட்ல ஒரே ஒரு புதிர், மார்க் கிடையாது, விடை தப்போ சரியோ "எப்படி யோசிச்சே"ன்னு மட்டும் கேளுங்க. அன்னிக்கு முடியலன்னா அடுத்த வாரமும் அதே புதிர் இருக்கட்டும், விடையை மட்டும் போர்டுல எழுதிப் போட்டுடாதீங்க.

வர்ற வருஷ டைம்டேபிள்லயே அதை எழுதிடுங்க, டெஸ்ட்டு ரிவிஷன்னு யார் வந்து கேட்டாலும் அந்த பீரியடைக் குடுக்காதீங்க.