பூண்டு வந்து சேர்ந்தது

கண்ணு,

வாட்ச்மேன் அண்ணனிடம் நீ கொடுத்தனுப்பிய பூண்டுக்கட்டு வந்தது. கொடைக்கானல் பூம்பாறைப் பூண்டு என்றால் சும்மாவா, பிரிக்கும் முன்பே வீடெல்லாம் புகை வாசம். கூட ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமென்று சாக்கை உதறிப் பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாடு பக்கத்து வீட்டில்தானாமே. அந்த வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாயாம், 400 பேருக்குச் சம்பளம் போடுகிறவர் பிள்ளை. இங்கே ஒரு டம்ளர் கழுவியதில்லை நீ. சந்தோஷம்தான். ஆனால் கையை வீசிக்கொண்டு போகாதே, பழம், பிஸ்கட் ஏதாவது வாங்கிப் போ. பணமாகக் கொடுக்காதே. பெரிய டிவி வாங்கிக் கொடுத்தாயாம், அந்த வீட்டுக்காரர் மறுநாளே உன் வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். கேட்டதும் அவர்மேல் மரியாதை வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, நாம் கொடுத்ததைத் திருப்புவதா என்று.

அங்கே ஒரு பிள்ளை நர்சிங் படிக்கிறதாமே. சும்மாதான் கேட்டேன். பழக வேண்டாம் என்று சொல்லவில்லை, அளவோடு பழகு. பெருந்துறை மாமா பட்டதை நீயும் பார்த்தாய்தானே. பணம் மட்டும் கொடுக்காதே.

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. பனியன் ஆர்டர்தான் சுமார்.

உன்னை ஹாஸ்டலில் விட்ட 2006-ல் குறிஞ்சி பூத்தது. அடுத்த தடவை மூணு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். 2018-ல் பூத்தபோது ஷிப்மெண்ட் என்று நாங்கள் வரவில்லை. இனி 2030-ல்தான். சரி, அது போகட்டும். சேர்ந்த புதிதில் நீ ராத்திரியெல்லாம் அழுகிறாய் என்று வார்டன் போன் செய்தார். ஒரு மாசம் எங்களோடு பேச விடாதீர்கள், பழகிவிடுவான் என்று சொன்னது அப்பா இல்லை கண்ணு. நான். இத்தனை வருஷமும் அவர் தலையில் போட்டுவிட்டு, நீ அவரிடம் முகம்கொடுத்துப் பேசாததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தப் பாட்டி சந்தகை சாப்பிடுவாரா? சேவைநாழியைத் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் வருகிறோம். எந்தக் கிழமை என்று மட்டும் சொல். இ-பாஸுக்குத் தேதி போட வேண்டியிருக்கிறது.

அம்மா