பிளிட்விட்சே ஏரிகளில் நீந்த முடியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த குரோஷியா பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்காவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'நீச்சலுடை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். அந்த ஏரிகளில் நீந்தத் தடை இருக்கிறது. கட்டுரைப் படம் ஒன்றில் அருவிக்கு முன்னால் கூட்டமாகக் குளிக்கிறார்களே, அந்தப் படம் குரோஷியாவிலேயே உள்ள கிர்கா தேசியப் பூங்காவின் ஸ்க்ராடின்ஸ்கி புக் அருவியில் எடுத்ததாக இருக்க வேண்டும். அதுவும் பழைய படம். அங்கும் 2021 ஜனவரியிலிருந்து குளிக்க விடுவதில்லை.

நானும் என் கணவரும் சென்ற ஜூன் மாதம் பிளிட்விட்சே போய் வந்தோம். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், மற்றவர்கள் அருவியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது நான் பாசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடைக்குக் காரணம் அந்தப் பாசியில்தான் இருக்கிறது.

பூங்காவில் பெயர் சூட்டப்பட்ட ஏரிகள் 16. மேலே 12, கீழே 4. மேல்கோடியில் உள்ள புரோஷ்சான்ஸ்கோ ஏரி 636 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏரிக்கு ஏரி வழிந்து இறங்கும் தண்ணீர் கடைசியில் கோரானா ஆறாகிறது. ஓர் ஏரியையும் அடுத்ததையும் பிரிக்கும் அணைகளை மனிதர் யாரும் கட்டவில்லை. சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், விழுந்து தெறிக்கும் இடங்களில் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து பாசியின் மேலும் நுண்ணுயிர்களின் மேலும் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏறுகிறதே, அதே சரக்குதான். இங்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உயிருள்ள பாசி இருக்கிறது. அடிப்பகுதி கல்லாக இறுக, நுனி மட்டும் பச்சையாக மேலே வளர்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அணை உயர்வதாகச் சொல்கிறார்கள். பூங்காவிலேயே பெரிய ஏரியான கொஸ்யாக் ஒரு காலத்தில் இரண்டு ஏரிகளாக இருந்ததாம். கீழணை உயர்ந்து உயர்ந்து நடுவில் இருந்த அணையையே மூழ்கடித்துவிட்டது.

மேல் ஏரிகளின் பக்கம் பலகைப் பாதைக்கு அருகே ஒரு மரக்கிளை தண்ணீரில் விழுந்து கிடந்தது. கரையில் கிடந்த பாதி சாதாரண விறகு. முழுகிய பாதியில் சுள்ளி, கணு எல்லாவற்றின் மேலும் வெளிர்நிறச் சுண்ணாம்பு ஏறி, சுண்ணாம்பிலேயே செய்த கிளை போல இருந்தது. பக்கத்தில் இருந்த அணை விளிம்பில் பாசி மெத்தென்று நனைந்து தொங்கியது. கால் வைத்தால் நொறுங்கிவிடும். மிதிபடுவது ஒரு கெடுதல் என்றால், உடம்பில் பூசிய களிம்பும் வியர்வையும் இன்னொன்று. தண்ணீரில் கரிமப் பொருள் கூடினால் சுண்ணாம்பு படிவதே தடைப்படும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போகும் இடத்தில் ஆளுக்கொரு முழுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1949-ல் தேசியப் பூங்காவான இந்த இடத்தை 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யுகோஸ்லாவியா உடைந்த சமயத்தில், 1991 ஈஸ்டர் ஞாயிறன்று இங்கேயே துப்பாக்கிச் சண்டை நடந்து, மறு ஆண்டு ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலுக்குப் போய், 1997-ல்தான் அதிலிருந்து மீண்டது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீச்சலுடைக்கு இடம் இருந்திருக்கிறது!

இன்னொரு குறை. 'இரண்டு மணி நேரம் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களோடு நடந்த ஒரு சுற்றுலாக் குழுவுக்கும் அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள். முதல் நுழைவாயிலில் இறங்கி, 78 மீட்டர் உயர வெலிகி ஸ்லாப் அருவியின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, அப்படியே பேருந்துக்குத் திரும்பிவிட்டார்கள். அருவி பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டியது மேலே இருக்கிறது. கொஸ்யாக் ஏரியை மின்படகில் கடந்து போனால், மேல் ஏரிகளில் பலகைப் பாதையின் அடியிலேயே தண்ணீர் ஓடும் சத்தம் கூடவே வரும். படகுக்கும், உள்ளே ஓடும் வண்டிக்கும் நுழைவுச் சீட்டே போதும், தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். சீட்டில் உள்ளே நுழையும் நேரம் குறித்திருக்கும், ஆகவே முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது நல்லது. நாங்கள் போன கோடைப் பருவத்தில் பெரியவர்களுக்கு 40 யூரோ. குளிர்காலத்தில் விலை இறங்கும், ஆனால் பனி கொட்டினால் மேல் ஏரிப் பாதைகளை மூடிவிடுவார்கள். பலகைப் பாதையில் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது. மழையில் வழுக்குகிறது. என்னைப் போல முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாம் நுழைவாயிலில் தொடங்கி, வண்டியில் மேலே போய், அங்கிருந்து இறங்கி நடப்பதே மேல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை